தண்டவாளம் தாண்டும்போது நேரில் பார்த்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மாலைலோக்கல்:
எட்டு மாதம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. தாம்பரம் லைன், சாயங்காலம் ஆறே முக்கால். லோக்கலின் கடைசிப் பெட்டி தாண்டியதும் பிளாட்பார முனைச் சரிவில் இறங்கிக் குறுக்கே போவார்களே, அப்படி ஒருவர் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், கையில் கீரைக்கட்டு. அடுத்த லைனில் எக்ஸ்பிரஸ் வருவதை நான் பார்த்துவிட்டேன். "அண்ணே, வண்டி!" என்று கத்தினேன். அவர் நின்றார். நின்று, போய்க்கொண்டிருந்த லோக்கலைத் திரும்பிப் பார்த்தார். அதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். எஞ்சினின் ஓரம் தோளில் இடித்துத் தூக்கிப் போட்டது. உயிர் பிழைத்தார், வலது கை போய்விட்டது. கீரைக்கட்டு நார்கூட அவிழாமல் ஜல்லியில் கிடந்தது.

நான் கத்தாமல் இருந்திருந்தால் இரண்டு எட்டில் தாண்டியிருப்பாரோ?

கீதா_பல்லாவரம்:
தம்பி, நீங்கள் கத்தியதில் தப்பே இல்லை. எங்களுக்கும் ஒன்று நடந்தது. அத்தைக்கு இரண்டு முட்டியும் தேய்மானம், மேம்பாலப் படி ஏற முடியாது. அன்றைக்கு மழை, சுரங்கப்பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். சரி, கேட் பக்கமாகத் தாண்டிவிடலாம் என்று இறங்கினோம். பாதியில் இரண்டு பக்கமும் வண்டி வந்துவிட்டது. இரண்டு லைனுக்கும் நடுவே அத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று புடவையை இழுக்கிறது, அத்தை முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அந்தப் பல் கிட்டிய முகம் எனக்கு மறக்காது. லிஃப்டும் சாய்தளமும் இல்லாமல் "தாண்டாதே" என்று போர்டு மட்டும் வைத்தால் முட்டி வலிக்காரர்கள் எங்கே போவார்கள்?

ராஜ்_சைதை:
கீதா அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அத்தையை ஆட்டோவில் சுற்றிக் கூட்டிப்போயிருக்கலாம். நானும் காலேஜ் நாட்களில் தினமும் தாண்டியவன்தான். ஒரு நாள் ஹெட்ஃபோனோடு போனேன், வண்டி முதுகில் இருந்த பையை உரசிவிட்டுப் போனது, அன்றோடு விட்டேன்.

எல்லாரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் வந்துவிடும். நாலு லைன் தாண்ட உங்களுக்குப் பதினைந்து நொடி ஆகும் என்றால், இறங்கும்போது அது 400 மீட்டருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கும். அங்கிருந்து பார்த்தால் மெதுவாக வருவது போலத்தான் தெரியும், பெரிய பொருள் என்றாலே கண் அப்படி ஏமாறும். மும்பை வடாலாவில் இதற்காகவே தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துப் பார்த்தார்கள். வண்டி எத்தனை கட்டையை எவ்வளவு சீக்கிரம் விழுங்குகிறது என்று பார்த்தால் வேகம் கண்ணுக்குப் பிடிபடும். அப்புறம், தண்டவாளத்தை விட்டு வெளியே நின்றால் போதும் என்பதும் தப்பு. அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர், லோக்கல் பெட்டியின் அகலமோ 3.66 மீட்டர். பக்கத்துக்கு ஒரு மீட்டர் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வரும். தோளில் இடித்தது அதனால்தான். பிளாட்பார மஞ்சள் கோடும் அதற்குத்தான். ஒரு வண்டி போனதும் இறங்கவே கூடாது, அதன் சத்தம் அடுத்த வண்டியை மறைத்துவிடும். 2018 அக்டோபர் 19 அமிர்தசரஸில் தசராவுக்குத் தண்டவாளத்தில் நின்றவர்களுக்குப் பட்டாசுச் சத்தத்தில் ரயில் வந்தது கேட்கவே இல்லை, ஐம்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். 1989 ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் அத்துமீறித் தாண்டினால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. இதைக் கறாராக வசூலித்தாலே பாதிப் பேர் நிற்பார்கள்.

கீதா_பல்லாவரம்:
அந்த மழையில் எந்த ஆட்டோ வந்தது? ஆயிரம் ரூபாய் வாங்கினால் முட்டி சரியாகிவிடுமா? கேட்டை மூடி மேம்பாலம் கட்டும் இடத்தில் எல்லாம் வண்டிகளுக்குத்தான் பாலம், நடந்து போகிறவரை யாரும் நினைப்பதில்லை. அதைக் கேளுங்கள்.

முன்னாள்_மோட்டார்மேன்:
இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அபராதம் மட்டும் போதாது. அபராதம் போட்ட மறுநாளும் அதே ஆட்கள் அதே இடத்தில் இறங்குவதைக் கேபினில் இருந்து பார்த்திருக்கிறேன். மதில் எழுப்பினால் செங்கல்லைப் பெயர்த்து ஓட்டை போடுவார்கள். ஆள் எந்த இடத்தில் தாண்டுகிறானோ அந்த இடத்திலேயே மேம்பாலப் படிக்கட்டு இறங்க வேண்டும். நூறு மீட்டர் தள்ளிக் கட்டினால் யாரும் ஏற மாட்டார்கள்.

எனக்கு நடந்தது ஒன்றுதான். பள்ளிச் சீருடையில் ஒரு பையன். ஹாரன் அடித்தேன், எமர்ஜென்சி பிரேக் போட்டேன். போட்டாலும் அந்த வேகத்தில் அரை கிலோமீட்டர் தாண்டித்தான் நிற்கும். அவன் ஓடவில்லை, என்னையே பார்த்தான். கண் சிமிட்டாமல் பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும், இமைகூட ஆடவில்லை. கால் முறிவோடு பிழைத்தான், கடவுள் புண்ணியம். கார்டுக்குச் சொல்லி, ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தகவல் கொடுத்து, அவனைத் தூக்கிப் போன பிறகு அந்த வண்டியை மறுபடி நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

மாலைலோக்கல் தம்பி, ஹாரன் கேட்டால் சிலர் ஓடுவார்கள், சிலர் உறைந்து போவார்கள். இரண்டும் மனுஷன் கையில் இல்லை. உங்கள் சத்தம் இல்லாவிட்டால் அவர் இன்னும் உள்ளேதான் போயிருப்பார், தோளோடு போயிருக்காது.

மாலைலோக்கல்:
நன்றி ஐயா. ஒன்றை முதலில் எழுதவில்லை. மறு வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். ஸ்டேஷனில் இருந்தவன் என்று மட்டும் சொன்னேன். அவர் மனைவி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது அந்த அண்ணன் கேட்டார்: "அன்னிக்கு ஒருத்தர் கத்தினாரு தம்பி, நல்லாக் காதுல விழுந்துச்சு. எந்தப் பக்கம்னுதான் தெரியல. யாருன்னு பார்த்தியா?"

கூட்டத்தில் யாரோ, அண்ணே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.