டப் டெக்னோவுக்கு டேப் எக்கோ இயந்திரம் வாங்கியே ஆக வேண்டுமா?

கேள்வி:
கணினியிலேயே டப் டெக்னோ (ஜமைக்காவின் டப் இசைபோல எதிரொலியில் ஊறிய டெக்னோ) செய்கிறேன். 125 பிபிஎம் (நிமிடத்துக்கு 125 தட்டு), ஒரே ஒரு மைனர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), அதற்கு டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்). கார்டு பிடித்திருக்கிறது. ஆனால் எதிரொலி அச்சடித்தது போல ஒரே மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. தொண்ணூறுகளின் பெர்லின் இசைத்தட்டுகளில், குறிப்பாக பேசிக் சேனல் என்ற இரட்டையரின் இசையில், அது சுற்றுக்குச் சுற்று உருமாறும். பிளக்-இன்னில் (மென்பொருள் எஃபெக்டில்) இது வராதா?

பதில் 1:
டேப்தான் வழி. ஒலியை டேப்பில் பதிந்து உடனே திருப்பி ஒலிக்கும் ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ இயந்திரத்தில் டேப் ஓடும் வேகம் முழுக்கச் சீராக இருக்காது, அதனால் சுருதி லேசாக நடுங்கும். ஜமைக்காவின் டப் தயாரிப்பாளர் லீ பெர்ரி அதை விரும்பிப் பயன்படுத்தியது சும்மா இல்லை. பராமரிப்பு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஹெட் (டேப்பைப் படிக்கும் முனை) அழுக்கானால் ஒலி மங்கிவிடும்.

பதில் 2:
டேப் எனக்கும் பிடிக்கும். ஆனால் உங்கள் சிக்கல் ஃபீட்பேக் சுற்றுக்குள், அதாவது எதிரொலி மறுபடி டிலேக்குள் திரும்பும் பாதையில் இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் டிலேயில் அதே ஒலிதான் திரும்ப வரும், சத்தம் மட்டும் குறையும். டேப்பில் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி மறுபடி பதிவாகிறது. உயர் அதிர்வெண்கள் கொஞ்சம் உதிரும், உச்சங்கள் மழுங்கும். இதைக் கணினியிலும் செய்யலாம்.

டிலேயின் சொந்த ஃபீட்பேக்கை 0-இல் வையுங்கள். ரிட்டர்ன் சேனலில் (டிலே இருக்கும் சேனல்) ஒரு ஃபில்டர், அதன் பின் மெல்லிய சாச்சுரேஷன் (உச்சங்களை மழுக்கும் எஃபெக்ட்). பிறகு அந்தச் சேனலின் சென்டை (ஒலியை அனுப்பும் குமிழை) அதே டிலேக்குத் திருப்புங்கள். 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஹை-பாஸ் (தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஃபில்டர்) கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் அடியொலி சேர்ந்து சேர்ந்து கிக் டிரம்மை மூழ்கடித்துவிடும். சாச்சுரேஷனையும் விட்டுவிடாதீர்கள்: ஃபீட்பேக் எல்லை மீறும்போது ஒலியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். முதல் தடவை ஹெட்ஃபோன் போடாமல், சத்தத்தைக் குறைத்து வைத்துச் செய்யுங்கள்.

உங்கள் வேகத்தில் டாட்டட் எட்டாம் நோட் (முக்கால் தட்டு) 360 மில்லிசெகண்ட். நான் அதை 365-க்குத் தள்ளிவிடுவேன். எதிரொலி தாளத்தைவிட்டு மெல்ல விலகும், அந்த இழுபறி எனக்கு உயிர்.

அப்புறம், கை. ஜமைக்காவின் டப் முன்னோடி கிங் டப்பி மிக்சரையே ஒரு வாத்தியமாக வாசித்தவர். ஆட்டோமேஷன் கோடுகளை (குமிழ்களைத் தானாக நகர்த்தும் கோடுகளை) மவுஸால் வரையாதீர்கள். ஃபில்டர், சென்ட் இரண்டையும் கணினியோடு இணையும் மிடி கருவியின் குமிழ்களில் கட்டி, பாட்டு முழுவதையும் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்யுங்கள். டேப் இருந்தும் கை அசையாவிட்டால் எதிரொலி செத்துத்தான் கிடக்கும்.

பதில் 3:
நடுவழி ஒன்று உண்டு: பிபிடி சிப் (ஒலியைப் படிப்படியாகக் கைமாற்றித் தாமதப்படுத்தும் சிப்) வைத்த அனலாக் பெடல். டிலே நேரத்தை நீட்டினால் சிப்பின் கிளாக் வேகம் (கைமாற்றும் வேகம்) குறையும், அதற்கேற்ப உயர் அதிர்வெண்களையும் வடிகட்டியாக வேண்டும். அந்த மங்கல் கார்டுக்கு அழகாகப் பொருந்தும். ஹை-ஹாட் சிம்பலுக்கு நான் டிஜிட்டல்தான் வைப்பேன்.

கேட்டவர்:
சுற்றை அமைத்துப் பார்த்தேன், உருமாறுகிறது! ரிவெர்பும் அதற்குள்ளேயே வரலாமா?

பதில் 2:
தாராளமாக. ஆனால் வெட் (ரிவெர்ப் கலக்கும் அளவு) 15 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஃபில்டருக்கு முன்னால் வையுங்கள், ரிவெர்பின் வாலும் சேர்ந்து வடிகட்டப்படும்.