1996 பிராங்கோ வாங்கலாமா? யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மிச்சிகனில் 1996ஆம் ஆண்டு ஃபோர்டு பிராங்கோ (இரண்டு கதவு எஸ்யூவி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். இந்த வண்டியை ஓட்டியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

1992இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறையின் கடைசி ஆண்டு வண்டி இது. அடுத்து ஃபோர்டு கொண்டுவந்த நான்கு கதவு எக்ஸ்பெடிஷன் குடும்பத்துக்கு வசதிதான். ஆனால் அதைப் பார்த்து யாரும் பெருமூச்சு விட்டதில்லை!

நான் பார்க்கப் போகும் வண்டியில் 5.8 லிட்டர் வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். மேனுவல் கியர் வேண்டுமென்றால் 5.0 லிட்டர் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது நல்லதா?

பெரிய சந்தேகம் பின்பக்கக் கூரைதான். ஃபைபர்கிளாஸ் கூரையைக் கழற்ற முடியும். ஆனால் இந்தத் தலைமுறையில் பின்னிருக்கைத் தோள்பட்டை பெல்ட் அதோடு இணைந்திருக்கிறது. கூரையைக் கழற்றிவிட்டால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான மாற்று ஏற்பாடு உண்டா? யாராவது செய்து பார்த்திருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர் என்பதால் துருவும் பயமுறுத்துகிறது. பின்சக்கர வளைவு, பின்கதவின் அடிப்பகுதி, சேஸிஸ் தவிர வேறெங்கே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்? பின்கண்ணாடி முழுதாக இறங்கினால்தான் பின்கதவே திறக்கும் என்பதால், அதன் மோட்டார் இப்போது எளிதாகக் கிடைக்கிறதா என்பதையும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் நலம்.