ரியாத்தும் தெஹ்ரானும் பகைத்துக்கொண்ட ஆண்டுகளில் நாங்கள் கண்டவை

தம்மாமில் பணிபுரிந்த உறுப்பினர்:

சவூதி அரேபியாவுக்கும் ஈரானுக்கும் இடையிலான போட்டியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது நபிகளின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவில் தொடங்கிய சுன்னி–ஷியா பகையின் தொடர்ச்சி என்று நம் ஊர்த் தொலைக்காட்சிகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. சவூதியின் கிழக்கு மாகாணத்தில் நீண்ட காலம் கட்டுமானத் தள மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில், அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நான் சுன்னிகளின் சட்டநெறிகளுள் ஒன்றான ஷாஃபிஈ மரபில் வளர்ந்த முஸ்லிம். நான் கண்டதை இங்கே எழுதுகிறேன். வளைகுடாவின் மற்ற நாடுகளில் இருந்தவர்களும் தத்தம் அனுபவங்களைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தளத்தில் கத்தீஃப், சைஹாத் ஊர்களைச் சேர்ந்த சவூதி ஷியாக்களும், ரியாத், காசீம் பகுதிகளிலிருந்து வந்த சவூதி சுன்னிகளும், நம்மவர்களும், பாகிஸ்தானியர்களும், எகிப்தியர்களும் ஒன்றாக வேலை செய்தோம். கத்தீஃபும் அல்-அஹ்சாவும் ஷியாக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் பேரீச்சந்தோப்புப் பகுதிகள். சவூதிக் குடிமக்களில் ஷியாக்கள் 10 முதல் 15 விழுக்காடுதான் என்றாலும், நாட்டின் எண்ணெய் வளத்தின் பெரும்பகுதி அவர்கள் செறிந்து வாழும் அந்த மாகாணத்தின் நிலத்தடியில்தான் இருக்கிறது. ரியாத் அவர்களை ஏன் இவ்வளவு ஐயத்துடன் நோக்குகிறது என்பதற்கு, மார்க்க நூல்களைப் புரட்டுவதற்கு முன்னால் இந்த நில அமைப்பைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வேறுபாடுகள் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் ஐந்து வேளைத் தொழுகையை மூன்று நேரங்களில் சேர்த்துத் தொழுவார்கள். நெற்றி படும் இடத்தில் கர்பலா மண்ணால் செய்த சிறு வில்லையை வைப்பார்கள். ரமலானில் மாலைப் பாங்கு ஒலித்தவுடன் நாங்கள் பேரீச்சம்பழத்தை எடுப்போம்; கத்தீஃப் நண்பர்களோ செவ்வானம் மறையும்வரை இன்னும் சில நிமிடங்கள் காத்திருப்பார்கள். தாம் நோன்பு திறக்காத அந்தச் சில நிமிடங்களில் எங்கள் குவளைகளில் தண்ணீர் ஊற்றித் தருவதும் அவர்கள்தாம். அந்த வேறுபாட்டைக் குறித்து ஒருவரும் சண்டையிட்டு நான் பார்த்ததில்லை.

நிலைமை மாறியது 2015இல். அந்த ஆண்டு மே 22ஆம் நாள் வெள்ளிக்கிழமை, கத்தீஃபை ஒட்டிய குதைஹ் என்ற ஊரின் பள்ளிவாசலில் தற்கொலைக் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். அடுத்த வெள்ளிக்கிழமையே தம்மாமின் அனூத் பகுதியிலுள்ள ஷியா பள்ளிவாசலைத் தாக்க வந்தவனை வாகன நிறுத்தத்திலேயே இளைஞர்கள் தடுத்து நிறுத்தியதில் 4 பேர் உயிரிழந்தனர். இரண்டுக்கும் ஐ.எஸ். அமைப்பு பொறுப்பேற்றது. அதே அமைப்பு ஆகஸ்டில் அப்ஹா நகரில் பாதுகாப்புப் படையினரின் பள்ளிவாசலையும் தகர்த்து 15 பேரைக் கொன்றது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கு இறந்தவர்களில் பெரும்பாலோர் அரசின் பாதுகாப்புப் படையைச் சார்ந்தவர்கள். குதைஹில் இறந்தோரின் உறவினர் ஒருவர் எங்கள் தளத்தில் அளவையாளராக இருந்தார். அவருக்கு ஆறுதல் சொல்லச் சென்றவர்களில் காசீமிலிருந்து வந்த சுன்னிப் பொறியாளரும் இருந்தார்.

ஏழு மாதங்கள் கழித்து, 2016 ஜனவரி 2 அன்று, சவூதி அரசு ஒரே நாளில் 47 பேருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் அல்-காய்தா தாக்குதல்களுக்காகத் தண்டிக்கப்பட்ட சுன்னிகள். ஆயினும் கத்தீஃப் பகுதியின் அவாமிய்யா ஊரைச் சேர்ந்த ஷியா அறிஞர் நிம்ர் அல்-நிம்ரின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததால், தெஹ்ரானிலிருந்த சவூதித் தூதரகம் தாக்கப்பட்டுத் தீக்கிரையானது. மறுநாளே ரியாத் ஈரானுடனான உறவை முறித்தது. நான் சொல்ல வந்த மாற்றத்தை அந்த வாரத்தில்தான் கண்கூடாகக் கண்டேன். அதுவரை ஒரே தட்டில் உண்டவர்களில் ஒருவர் அந்த அளவையாளரிடம், "நீ யார் பக்கம்?" என்று கேட்டார். அளவையாளர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் பாட்டன் இந்த மண்ணில் பேரீச்சை வளர்த்தபோது இந்த அரசே இல்லை, என்னை ஏன் ஈரானோடு சேர்க்கிறாய்?" என்றார். 1913இல்தான் அப்பகுதி சவூதி அரசை நிறுவிய இப்னு சவூதின் ஆட்சிக்குள் வந்தது என்பதால் அவர் சொன்னதில் மிகையேதும் இல்லை. ஹுசைனுக்காகத் துக்கம் அனுசரிக்கும் ஆஷூரா மேடையிலோ நோன்புப் பந்தியிலோ எழாத அந்தக் கேள்வி, தூதரகம் மூடப்பட்ட வாரத்தில் எழுந்தது.

வரலாற்றைப் பார்த்தாலும் இதே ஒழுங்குதான் தெரிகிறது. 1979 புரட்சிக்கு முன்பு ஈரானை ஆண்ட மன்னர் ஷாவும் ஷியாதான். அன்று ரியாத்தும் தெஹ்ரானும் வளைகுடாவில் அமெரிக்காவின் இரு தூண்களாக இருந்தன. மன்னராட்சியே இஸ்லாத்துக்கு ஒவ்வாதது என்று புரட்சித் தலைவர் கொமேனி அறிவித்த பிறகுதான் ரியாத்துக்கு அச்சம் பிறந்தது. 1980 முதல் 1988 வரை நடந்த போரில் ஈரானை எதிர்த்துப் போரிட்ட ஈராக்கியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஷியாக்கள். 1987இல் மக்காவில் ஈரானிய ஹாஜிகளுக்கும் காவலர்களுக்கும் நடந்த மோதலில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர், அடுத்த ஆண்டு உறவு முறிந்தது. ஆனால் 1997இல் பட்டத்து இளவரசர் அப்துல்லா இஸ்லாமிய நாடுகளின் மாநாட்டுக்காகத் தெஹ்ரானுக்கே சென்றார், 2001இல் இரு நாடுகளும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2023 மார்ச் 10 அன்று பெய்ஜிங்கில் மீண்டும் கைகுலுக்கின. இத்தனை ஏற்ற இறக்கங்களிலும் மார்க்கத்தில் எந்த வேறுபாடும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஈரானின் அண்டை நாடான அஜர்பைஜானில் பெரும்பான்மையினர் ஷியாக்களாக இருந்தும் தெஹ்ரானுக்குக் கிறித்தவ ஆர்மீனியாவோடுதான் நெருக்கம் என்பதையும், ஈரான் ஆதரிக்கும் ஹமாஸ் ஒரு சுன்னி அமைப்பு என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

குவைத்தில் வசிக்கும் உறுப்பினர்:

சகோதரர் எழுதியதற்குத் துணையாக ஒன்றைச் சொல்கிறேன். 2015 ஜூன் 26 அன்று, ரமலான் மாத ஜும்ஆ வேளையில், குவைத் நகரின் ஷியா பள்ளிவாசலான இமாம் சாதிக் பள்ளிவாசலில் குண்டு வெடித்து 27 பேர் இறந்தனர். நாங்கள் வசித்த கட்டடம் வெகு தொலைவில் இல்லை. அன்று மாலைக்குள் ஊரில் பழிவாங்கல் தொடங்கிவிடும் என்று அஞ்சிக் குழந்தைகளை உள்ளேயே வைத்திருந்தோம். ஆனால் சிறிது நேரத்திலேயே அன்றைய ஆட்சியாளர் அமீர் சபாஹ் நேரில் அந்த இடத்துக்கு வந்து நின்றதைத் தொலைக்காட்சியில் கண்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை நகரின் பெரிய பள்ளிவாசலில் சுன்னிகளும் ஷியாக்களும் ஒரே வரிசையில் நின்று தொழுதார்கள், அமீரும் அதில் இருந்தார். 1990இல் ஈராக் படையெடுத்தபோது குவைத் ஷியாக்களும் எதிர்த்துப் போராடியதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. ஆள்பவர் அந்த ஒரு மணி நேரத்தில் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தே தெருவின் போக்கு அமைகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனாமாவில் கடை வைத்திருந்த உறுப்பினர்:

தம்மாம் அண்ணன் எழுதியதில் முன்பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அவர் எழுத்திலிருந்து, தலைநகரங்கள் சமாதானமாகிவிட்டால் மக்களும் சமாதானமாகிவிடுவார்கள் என்று யாரேனும் முடிவு செய்தால், அது பஹ்ரைனுக்குப் பொருந்தாது.

பஹ்ரைனில் குடிமக்களில் பெரும்பான்மையினர் ஷியாக்கள்; ஆளும் கலீஃபா குடும்பத்தினர் சுன்னிகள். ஈரான் அந்தத் தீவைத் தனது மாகாணம் என்று உரிமை கோரியது உண்மைதான். ஆனால் 1970இல் ஐ.நா. தூதுக்குழு வந்து மக்களின் விருப்பத்தைக் கேட்டறிந்தபோது, இரு பிரிவினரும் தனி அரபு நாடாக இருக்கவே விரும்பினர். ஷாவும் அதை ஏற்றுக்கொண்டார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2011ஐப் பாருங்கள். பிப்ரவரி 14 அன்று முத்துச் சதுக்கத்தை நோக்கி மக்கள் திரண்டபோது, "சுன்னி–ஷியா சகோதரர்கள் நாம், இந்த நாட்டை விற்க மாட்டோம்" என்ற பொருள்படும் முழக்கத்தை என் கடை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். ஒரு மாதம் கழித்து, மார்ச் 14 அன்று, மன்னர் ஃபஹத் கடற்பாலத்தின் வழியே சவூதிப் படை வண்டிகள் வரிசையாக வந்தன. வார இறுதிகளில் சவூதிக் குடும்பங்கள் உல்லாசமாக வந்துபோகும் 25 கிலோமீட்டர் பாலம் அது. நான்கு நாள்களில் சதுக்கத்தின் நினைவுச்சின்னமே இடித்துத் தள்ளப்பட்டது. 1982இல் வளைகுடா ஒத்துழைப்பு மன்ற மாநாட்டை ஒட்டி எழுப்பப்பட்ட அந்தச் சின்னத்தில், முத்தைத் தாங்கி நின்ற ஆறு பாய்களும் மன்றத்தின் ஆறு நாடுகளைக் குறித்தன. அச்சின்னம் பொறித்த 500 ஃபில்ஸ் நாணயமும் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. என் கல்லாவில் இருந்தவற்றையும் கொடுத்துவிட்டேன்.

இவை அனைத்தும் ஈரானின் தூண்டுதலே என்று அரசுத் தரப்பு சொன்னது. ஆனால் மன்னரே அமைத்த பஸ்யூனி ஆணையம் அந்த நவம்பரில் அளித்த அறிக்கையில், நிகழ்ச்சிகளுக்கும் ஈரான் அரசுக்கும் தெளிவான தொடர்பு இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று எழுதியது. ஷியா வழிபாட்டிடங்கள் இடிக்கப்பட்டதையும், தெற்காசியத் தொழிலாளர்கள் கும்பல்களால் தாக்கப்பட்டு இறந்ததையும் அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது. பாதுகாப்புப் படையில் பாகிஸ்தானியர்கள் பலர் பணிபுரிந்ததால் எங்கள் முகங்களைப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. அந்த மாதங்களில் இருட்டிய பிறகு நாங்கள் வெளியே செல்லவில்லை.

நான் வலியுறுத்த விரும்புவது இதற்குப் பிந்தைய நிலையைத்தான். முஹர்ரக்கைச் சேர்ந்த சுன்னி ஒருவரும் சித்ராவைச் சேர்ந்த ஷியா ஒருவரும் கூட்டாக மீன் வணிகம் நடத்தி வந்தார்கள். இருவரும் என் வாடிக்கையாளர்கள், ஒருவர் வீட்டுத் திருமணத்தில் மற்றவர் முன்னின்று விருந்தினரை வரவேற்றதை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பிரிவினரின் கடையில் வாங்கலாம், எதில் வாங்கக் கூடாது என்ற பட்டியல்கள் கைபேசிகளில் சுற்றத் தொடங்கியதும், உறவினர்களின் நெருக்குதல் தாங்காமல் அவர்கள் கணக்கு முடித்துப் பிரிந்தார்கள். அவர்களுக்கிடையே பணத் தகராறு எதுவும் இல்லை. 2023இல் பெய்ஜிங் உடன்பாடு அறிவிக்கப்பட்ட நாளில் அவர்களில் ஒருவரைக் கண்டு, இனியாவது பேசலாமே என்றேன். "அவர்கள் தூதரகத்தைத் திறப்பார்கள், என் மகன் அவன் மகனோடு பள்ளிக்குப் போகவே இல்லையே" என்றார். பதினொரு வயதில் பிரிந்த பிள்ளைகள் இருபதைக் கடந்துவிட்டார்கள். அரசியலுக்காக மூட்டிய பகை, ஒரு தலைமுறை அதிலேயே வளர்ந்தபின், அரசியலின் கட்டளைக்கு அடங்குவதில்லை என்பதுதான் நான் கண்டது. பஹ்ரைன் அரசுங்கூட அப்போது ரியாத்தைப் பின்பற்றித் தெஹ்ரானுடன் உறவைப் புதுப்பிக்கவில்லை.

சனாவில் செவிலியராக இருந்த உறுப்பினர்:

தம்மாம், மனாமா அண்ணன்மார் இருவரும் சொல்வது உண்மையென்றே எனக்குப் படுகிறது, ஏனென்றால் அரசியல் பகை மூட்டியதும், அது பின்னர் மக்களிடையே ஊன்றியதும் ஏமனில் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

ஏமனின் சைதிகள் ஷியா மரபினர் என்றாலும் ஈரானியர்களின் பன்னிரு இமாம் மரபிலிருந்து வேறுபட்டவர்கள். சட்டநெறியில் சுன்னிகளுக்கு நெருக்கமானவர்கள். சைதிகளும் ஷாஃபிஈகளும் ஒரே பள்ளிவாசலில் தொழுவது அங்கே இயல்பு. 1962இல் சைதி இமாமின் ஆட்சி கவிழ்க்கப்பட்டபோது, அவரை மீண்டும் அமர்த்தப் பணமும் ஆயுதமும் கொடுத்தது சவூதி அரேபியாதான். எதிர்ப்பக்கம் நின்றது சுன்னி நாடான எகிப்தின் அதிபர் நாசர். சைதிகளிடையே எழுந்த ஆயுத இயக்கமான ஹூதிகளைப் பலமுறை போரிட்டு ஒடுக்க முயன்ற ஏமன் அதிபர் சாலிஹும் சைதியே. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் பிரிவின் மூத்த ஏமனிய மருத்துவர். 'ஷியா ஹூதிகள்' என்று வெளிநாட்டுச் செய்திகளில் கேட்கும்போதெல்லாம் அவர் வருந்துவார்.

2015 மார்ச் 20 வெள்ளிக்கிழமை, சனாவில் பத்ர், ஹஷூஷ் பள்ளிவாசல்களில் குண்டுகள் வெடித்து 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் மருத்துவமனையின் நடைவழி முழுவதும் காயமுற்றவர்களைக் கிடத்தியிருந்தோம். அவர்களில் சைதி யார், ஷாஃபிஈ யார் என்று எங்களுக்குத் தெரியாது. உடன் வந்தவர்களும் சொல்லவில்லை. ஆறு நாள் கழித்து, சனாவைக் கைப்பற்றியிருந்த ஹூதிகளுக்கு எதிராகச் சவூதி தலைமையிலான விமானத் தாக்குதல் தொடங்கியது. குருதிப் பைகள், மயக்க மருந்து, மின்னாக்கிக்கான டீசல் என்று ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. இந்திய அரசின் மீட்புப் பணியில் 4,600க்கும் மேற்பட்ட இந்தியர்கள் பெரும்பாலும் ஜிபூட்டி வழியாக வெளியேற்றப்பட்டார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. எங்களோடு பணிபுரிந்த ஏமனியச் செவிலியர்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை. போரால் நேராகவும், பசி, நோய் ஆகியவற்றாலும் 2021 முடிவுக்குள் 3,77,000 பேர் இறந்திருப்பர் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மதிப்பிட்டிருக்கிறது.

அந்த மருத்துவருடன் இன்னும் தொடர்பில் இருக்கிறேன். முன்பு எல்லோரும் சென்ற தம் தெருப் பள்ளிவாசலுக்கு இப்போது ஷாஃபிஈ குடும்பங்கள் சில செல்வதில்லை என்று அவர் எழுதியிருந்தார். வடக்கிலுள்ள சஅதா மாகாணத்தில், கடும் போக்குடைய சுன்னிகளான சலஃபிகளுக்கும் சைதிகளுக்கும் முன்பே பிணக்கு இருந்தது. தலைநகரில் அது இல்லை, போருக்குப் பின்தான் வந்தது என்பது அவர் கருத்து.

ஈராக்கில், குறிப்பாக 2006இல் சமாராவிலிருந்த ஷியாக்களின் புனிதத் தலமான அல்-அஸ்கரி பள்ளிவாசல் தகர்க்கப்பட்ட பின்னர் பாக்தாதிலோ படைத்தளங்களிலோ வேலை செய்தவர்கள் நம்மிடையே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். சுன்னி–ஷியா கலப்புத் திருமணக் குடும்பங்கள் நிறைந்த பாக்தாதில் தெருக்கள் எப்படிப் பிரிந்தன, பிரிந்தவற்றில் எவையேனும் மீண்டும் ஒன்றாயினவா என்பதை நேரில் கண்டவர்களிடமிருந்து அறிய விரும்புகிறேன்.