பதில்: கணினி விளையாட்டுகளில் ஆயுதத்தைச் சுழற்றி அடிக்கும் சண்டைக்குத் தமிழ்ச்சொல்

> ‘பௌதிகச் சண்டை’ என்றே வைப்போம். ஏ.எல். பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

காக்கா, அது அகலம் கூடிய பெயர். பெட்டி சரிவதும் பந்து உருள்வதும் பௌதிகவியல்தான். அதெல்லாம் இருந்தும், பட்டனை அமுக்கினால் எதிரிக்குப் பத்துப் புள்ளி குறையும் என்று எழுதிவைத்த விளையாட்டுகள் நிறைய. 2009இல் வந்த ஹமர்ஃபைட் என்ற விளையாட்டைப் பாருங்கள். அடிப்பதற்குப் பட்டனே கிடையாது. மவுஸை அசைத்தால் பறக்கும் பொறி நகரும், அதில் பூட்டிய சுத்தியல் பின்னால் இழுபட்டு வரும். சுற்றிச் சுற்றிக் கதி ஏற்றித்தான் எதிரியில் படவைக்க வேண்டும். மெல்லப் பட்டால் வெறும் உரசல்.

‘உந்தச் சண்டை’ (உந்தம் என்றால் திணிவு × வேகம்) கிட்ட வருகிறது, ஆனால் சரியில்லை. விளையாட்டுக்குள் பௌதிகக் கணக்குப் போடும் பொக்ஸ்2டி மென்பொருளில் மோதுகை தீர்ந்ததும் நமக்குக் கிடைப்பது கணத்தாக்கு, அதாவது அந்த மோதலில் உந்தம் எவ்வளவு மாறியது என்ற அளவு. 20 கிலோ சுத்தியல், செக்கனுக்கு 10 மீற்றர் சார்பு வேகத்தில், 20 கிலோ எதிரியில் நேராகப் பட்டுத் துள்ளாமல் நின்றால் 100 நியூட்டன் செக்கன். அதே அடி 5 கிலோ எதிரிக்கு விழுந்தால் 40தான். ஆள் பெரிய சேதமில்லாமல் தூரப் பறப்பான். எதிரி அசையாமல் நின்றால், சுத்தியலின் உந்தம் இரண்டிலும் 200. உந்தத்தைப் பெயரில் வைத்தால், சேதக் கணக்கு எழுதுகிறவர் பிழையான எண்ணைத்தான் எடுப்பார்.

‘வீச்சுச் சண்டை’ காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஓ.எல். கணிதத்தில் வீச்சு என்றால் ஆகக் கூடிய எண்ணுக்கும் ஆகக் குறைந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம். ஆயுதம் எட்டும் தூரத்தைச் சொல்லவும் அந்தச் சொல் நமக்கு வேணும்.

நான் சொல்வது: விசுக்கடி. கையை விசுக்கி நடக்கிறான், தடியை விசுக்கினான் என்று நம்மட வாயில் புழங்கும் சொல். கை முந்த, பாரம் பிந்தி வந்து, கடைசியில் வேகம் ஏறுவது அதிலேயே இருக்கிறது.

— கல்லடி

> நான் சொல்வது: விசுக்கடி.

தம்பி, நல்ல சொல். ஆனால் ஈட்டிக் குத்தை என்ன செய்வது? அதற்கும் இதே கணக்குத்தான், ஆனால் குத்துவதை ஒருவரும் விசுக்குவது என்று சொல்லமாட்டார்கள். அதனால் வகைக்குக் ‘கணத்தாக்குச் சண்டை’, அதற்குள் விசுக்கடி, குத்து என்று பிரிப்போம்.

இன்னொன்றுக்கும் பெயர் வேணும். அதே 20 கிலோ சுத்தியல் எதிரியின் மேல் சும்மா சாய்ந்து கிடந்தாலும், விளையாட்டின் கணக்கு செக்கனுக்கு 60 படியாக ஓடும்போது ஒவ்வொரு படியிலும் 3.3 அளவில் கணத்தாக்கு வரும். அப்படியே கூட்டிக்கொண்டு போனால் ஒரு செக்கனில் 196. நீங்கள் சொன்ன நல்ல அடியின் இரு மடங்குக்குக் கிட்ட. விளையாடுகிறவர் அடிப்பதை விட்டுவிட்டுச் சாத்திவைத்தே கொன்றுவிடுவார். படிக்கு 15க்குக் கீழே வந்தால் சேதமே இல்லை என்று எல்லை போடவேணும். ஒருமுறை பட்ட ஆயுதம் அதே உடலுக்கு 0.2 செக்கன் வரை மறுபடி சேதம் தரவும் கூடாது. இந்தக் கோளாறுக்குச் ‘சாய்வுச் சேதம்’ சரிதானா?

— அக்கரைப்பற்று

சரி காக்கா, கணத்தாக்குச் சண்டை, விசுக்கடி, சாய்வுச் சேதம் மூன்றையும் பட்டியலில் போடுகிறேன். கூடவே ‘சங்கிலி இழுபாடு’: 1 கிலோ வளையங்களில் 20 கிலோ சுத்தியலைத் தொங்கவிட்டால் சங்கிலி றப்பர் மாதிரி நீளும். திணிவு விகிதம் பத்துக்கு மேல் போனால் மூட்டுகளைத் தீர்க்கும் கணக்கு ஒவ்வொரு படியிலும் பாதியில் நின்றுவிடுவதுதான் காரணம். பிடியிலிருந்து சுத்தியலுக்கு நேரடியாக ஒரு உச்சநீளக் கட்டு (இந்தத் தூரத்துக்கு மேல் விலகவிடாத கட்டு) போட்டால் நீளுவது நிற்கும்.

— கல்லடி