அப்டேட்: இன்வாய்ஸ்ல ஒரு பைசா வித்தியாசம், காரணம் கிடைச்சிருச்சு

முன்னாடி கேட்டிருந்தேன்ல, பில்லுல இருக்க ஜிஎஸ்டி தொகையும் மாசக் கடைசி ரிப்போர்ட்டும் ஒரு பைசா ரெண்டு பைசா ஒத்துப்போகலன்னு. நிறைய பேர் சொன்ன மாதிரி டேட்டாபேஸ்ல டபுள் பிரிசிஷனா (தசமத்த தோராயமா வைக்கிற வகை) இருந்த நெடுவரிசை (column) எல்லாத்தையும் நியூமெரிக்கா (தசமத்த துல்லியமா வைக்கிற வகை) மாத்தியாச்சு, அதுல பாதி பிரச்சனை போச்சு. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

மிச்சம் இருந்தது ரவுண்டிங், அதாவது தொகைய ரெண்டு தசமத்துக்கு முழுசாக்குறது. 100.50 ரூபாய்க்கு 18% போட்டா 18.09. அதையே சிஜிஎஸ்டி (மத்திய அரசு பங்கு) 9%, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசு பங்கு) 9%னு பிரிச்சா ஒவ்வொண்ணும் 9.045 வருது, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸோட நியூமெரிக் அத ரவுண்ட் பண்ணி 9.05 ஆக்குது, மொத்தம் 18.10. பைத்தானோட டெசிமல் வகையில ரவுண்டிங் முறைய நாம எதுவும் சொல்லலன்னா சரிபாதி வரும்போது இரட்டைப்படை இலக்கத்துக்குப் போகும், அதனால 9.04, மொத்தம் 18.08. ஒரே பில்லுக்கு மூணு பதில், மூணும் அதது விதிப்படி சரிதான், அதான் இவ்ளோ நாள் யாருக்கும் பிடிபடல!

இப்ப ரவுண்டிங் ஒரே இடத்துல, பில் போடுற பைத்தான் கோடுல மட்டும், ஹாஃப் அப்னு (சரிபாதி வந்தா மேல ஏத்துறது) வெளிப்படையா எழுதியே நடக்குது. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி ரெண்டும் தனித்தனி நெடுவரிசை, மொத்தம்ங்கிறது அந்த ரெண்டையும் கூட்டுனது, ரிப்போர்ட் எதையும் திரும்பக் கணக்குப் போடாது, சேவ் ஆனத கூட்டும், அவ்ளோதான்.

பழைய பில்லையும் திருத்திடலாமேன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு வேண்டாங்க, கஸ்டமர் கையில இருக்க பேப்பர்ல என்ன தொகையோ அதேதான் டேட்டாபேஸ்லயும் இருக்கணும்.