மூடப்போகிற பாதைக்கு எதுக்கு ஜல்லி?

புளியரைக்காரன்: புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜ் ரயில் பாதையை அகலப்பாதையாக மாற்ற 2010 செப்டம்பரில் மூடினார்கள். கொல்லம்–புனலூர் 2007-லேயே நின்றுவிட்டது, அடுத்தது இதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கடைசி ஆடியில் ஆரியங்காவுப் பக்கம் கேங்மேன்கள் (பாதையைப் பராமரிக்கும் தொழிலாளர்கள்) வியர்க்க வியர்க்கக் கட்டைகளுக்கு அடியில் ஜல்லி குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பிடுங்கி எடைக்குப் போடப்போகிற தண்டவாளத்துக்கு இந்தச் செலவு வீண்தானே?

கீமேன்மகன்: அண்ணாச்சி, ஆடி மாசம் அங்கே என்ன மழை என்று புளியரைக்காரருக்கா நான் சொல்லணும்? தண்ணீர் நின்று ஜல்லிக்குள் சேறு ஏறினால் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை ஆடும், வளைவில் தண்டவாளம் விலகும். செப்டம்பரில் மூடப்போவது மழைக்குத் தெரியுமா? கீமேனாக இருந்த அப்பா பாதையைச் சோதித்தபடி தினமும் தோளில் சுத்தியலும் கையில் கொடியுமாக நடப்பார். தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு சாவியையும் தட்டுவார். இறுகியிருந்தால் ‘டிங்’, தளர்ந்திருந்தால் ‘டொக்’. டொக் கேட்டால் அங்கேயே நின்று அடிப்பார்.

புளியரைக்காரன்: சரி தம்பி, சாவி அடிக்கட்டும். வேகத்தைக் குறைத்துவிட்டு ஜல்லி வேலையை விட்டிருக்கலாமே?

கீமேன்மகன்: மலையில் வண்டியே ஊர்ந்துதான் போகும். இன்னும் எதைக் குறைக்க?

மீட்டர்கேஜ்பிரியன்: நடுவில் வருகிறேன், கோபிக்க வேண்டாம். 1904-இல் போட்ட பாதை. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தில் வண்டி ஏறும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் யாரும் ஜல்லிச் செலவைக் கேட்க மாட்டார்கள் :)

புளியரைக்காரன்: எட்டிப் பார்த்தவன்தான் கேட்கிறேன். புதுத் தண்டவாளமும் போட்டார்களா?

கீமேன்மகன்: அதெல்லாம் இல்லை. தேய்ந்ததற்குப் பதில் வேறு இடத்தில் கழற்றிய பழசுதான் வரும். புதுச் சாமான் நின்றுபோச்சு, ஆள் வேலை நிற்கவில்லை. மழை வலுத்தால் ராத்திரி ரோந்தும் உண்டு. மண் சரிந்திருந்தால் வண்டியை நிறுத்த, தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறும்போது சத்தமிட்டு டிரைவரை எச்சரிக்கும் வெடியையும் கொண்டு போவார்கள். கடைசி வண்டியிலும் பயணிகள் இருந்தார்கள் அண்ணாச்சி.

புளியரைக்காரன்: ஜல்லியை ஒத்துக்கொள்கிறேன். கிலோமீட்டர் கல்லுக்கு வெள்ளை அடித்தார்களே, அது எதற்கு?

கீமேன்மகன்: அது வீண்தான். அப்பாவே திட்டிக்கொண்டுதான் அடித்தார்.