ஊடகம் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது நீங்கள் பார்த்த சிக்கல்கள்: பகிருங்கள்

ஆங்கில நாளிதழ் ஒன்றில் சப் எடிட்டராக இருக்கிறேன். சமீபத்தில் தூய்மைப் பணியாளர் போராட்டச் செய்தி ஒன்று வந்தது. சம்பளம் வரவில்லை என்று தொழிலாளர்கள் 'கிளெய்ம்ட்'. எல்லாம் போட்டாயிற்று என்று அதிகாரி 'கிளாரிஃபைட்'. இரண்டு தரப்பு பேச்சையும் நாங்கள் அதுவரை சரிபார்க்கவில்லை. ஆனால் முதல் சொல் 'நம்பலாமோ என்னவோ' என்கிறது, இரண்டாவது 'உண்மை இதுதான்' என்கிறது. நிருபர் வேண்டுமென்று செய்யவில்லை. அதிகாரி தரப்பு அறிக்கையில் இருந்த சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. இரண்டையும் 'செட்' (said), அதாவது வெறும் 'சொன்னார்' என்று மாற்றினேன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று நிருபருக்கு உறுத்தல். பள்ளியில் அப்படித்தானே பழக்கினார்கள். செய்தியில் 'செட்' பத்து முறை வந்தாலும் வாசகர் கண்ணை உறுத்தாது. 'அட்மிட்டெட்' போட்டால்தான் ஆபத்து, ஏதோ தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

*

நான் இதழியல் மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தித் தருகிறேன். அங்கே கதையே வேறு. நமக்கு டிவியில், பேப்பரில், ஃபேஸ்புக்கில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் நாளிதழுக்கு 'இன்'. டிவி, ரேடியோ, சோஷியல் மீடியாவுக்கு 'ஆன்'. பொதுவாக 'தி மீடியா' என்றால் மறுபடி 'இன்'. இதில் தடுமாறாத ஆய்வேடு அபூர்வம். 'மீடியாஸ்' அதைவிட அதிகம் வரும். மீடியம் என்பதன் பன்மைதான் மீடியா என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியம். அப்புறம், துறையாகச் சொல்லும்போது பெரும்பாலும் 'மாஸ் கம்யூனிகேஷன்', கடைசியில் எஸ் வேண்டாம். 'கம்யூனிகேஷன்ஸ்' என்றால் தொலைத்தொடர்பு அமைப்புகளையோ நிறுவனங்களின் மக்கள் தொடர்பு வேலையையோ குறிப்பதாகப் படுகிறது.

*

மேலே சொன்னதெல்லாம் சரி. எந்த நடைக் கையேட்டின் (சொற்களை எப்படி எழுத வேண்டும் என்று விதி சொல்லும் புத்தகம்) எந்தப் பதிப்பு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த மாணவி 'இன்டர்நெட்'டைச் சின்ன எழுத்தில் தொடங்கினார் என்பதற்காக ஆய்வு வழிகாட்டி அத்தியாயத்தையே திருப்பி அனுப்பினார். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் கையேடு 2010இல் 'வெப்சைட்'டை ஒரே சொல்லாக்கியது, 2011இல் 'இமெயில்' நடுவிலிருந்த சிறுகோட்டை எடுத்தது, 2016இல் இன்டர்நெட்டின் பெரிய எழுத்தையும் கைவிட்டது. மாணவி புதிய பதிப்பின் பக்கத்தை இணைத்து அனுப்பியதும் அத்தியாயம் ஒப்புதலாகி வந்தது.